குறிப்பிடத்தக்க

இந்த மாதிரிப் பத்திரிகைகளில் ஏழெட்டு வருஷங்களாக மதிப்புரை எழுதி வருகிறேன். சென்ற வாரம் அவற்றையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வேண்டாத காரியம் செய்தேன். 'குறிப்பிடத்தக்க' என்ற சொல் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணினேன். 31 கட்டுரைகளில் 46 தடவை. 'குறிப்பிடத்தக்க முயற்சி', 'குறிப்பிடத்தக்க கவிதைகள் மூன்று', 'குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை'. இந்தக் கடைசித் தீர்ப்பை ஒரு இளைஞரின் முதல் தொகுப்புக்கு வழங்கியிருந்தேன். அவர் அதற்கப்புறம் எழுதியதாகத் தெரியவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று வருத்தப்படுவது என் எழுத்துக்கு நானே சூட்டிக்கொள்ளும் கிரீடமாகிவிடும். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது என் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி.

நம் கவிதைகளில் கருப்பை நிறைய வந்திருக்கிறது. பூமியாக, ஆதி இருளாக, தொன்மமாக வந்திருக்கிறது. நாலு விரற்கடை நீளமும், தடித்த ஒரு தசைச் சுவரும், உள்ளே மெல்லிய சவ்வும் கொண்ட ஒரு உறுப்பாக அது வந்ததாக எனக்கு நினைவில்லை. எனக்கும் அது அப்படித் தெரிந்தது போன வருஷம்தான்.

அம்மாவுக்கு 62 வயது. மாதவிலக்கு நின்று 11 வருஷமாகிவிட்டது. மாயவரத்தில் தனியாக இருந்தாள். ஆடி வெள்ளிக்குப் போன அக்கா, கொல்லைக் கொடியில் உள்பக்கமாக மறைத்து உலர்த்தியிருந்த துணியைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். எட்டு மாசமாக இருந்ததாம். 'வயசான காலத்துல திரும்ப வருது போலிருக்குன்னு நினைச்சேன். இதைப் போய் யார்கிட்டச் சொல்றது?' மகனிடம் சொல்ல முடியாது. மகளிடம் தொலைபேசியில் சொல்லக் கூச்சம். உள்சவ்வில் வரும் இந்தப் புற்றுநோய்க்கு ஒரு குணம் உண்டு. பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ரத்தம் காட்டித் தன்னை அறிவித்துக்கொண்டுவிடும். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் டாக்டரிடம் போகவேண்டும் என்பது அதனால்தான். எங்கள் வீட்டில் நோய் எட்டு மாசம் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கிற காது இல்லை.

மாயவரத்தில் எடுத்த அல்ட்ராசவுண்டில் சவ்வின் தடிமன் 14 மி.மீ. அந்த வயதில் ரத்தம் பட்டவர்களுக்கு அது 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் சுரண்டி எடுத்துப் பரிசோதிக்கவேண்டும் என்றார்கள். பரிசோதித்தார்கள். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் 'கட்டி' என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டோம். புற்று என்பது அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பால் ஊற்றுகிற இடம். அதை இன்னொரு அர்த்தத்தில் அவள் எதிரில் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சென்னைக்கு அழைத்து வந்தேன்.

இங்கே டாக்டரம்மா ஆபரேஷனுக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும், மார்புக்கும் வயிற்றுக்கும் சி.டி. எடுக்கவேண்டும் என்றார். அம்மா கேட்டாள்: 'வெட்டி எடுக்கத்தானே போறீங்க. அப்புறம் படம் எதுக்கு?' நான் கூச்சப்பட்டேன். டாக்டரம்மா கூச்சப்படவில்லை. 'எவ்வளவு வெட்டணும்னு தெரியணுமில்லையாம்மா? சுவத்துல பாதிக்கு மேல போயிருக்கா, கீழே வாய்ப்பகுதிக்கு இறங்கியிருக்கா, நெறிகட்டி பெருத்திருக்கா, நுரையீரல், கல்லீரல்ல ஏதாவது இருக்கா, இதெல்லாம் தெரிஞ்சாத்தான் எப்படித் திறக்கறது, என்னென்ன எடுக்கறதுன்னு முடிவு பண்ணமுடியும். சில பேருக்கு முதல்ல மருந்து, அப்புறம்தான் ஆபரேஷன்.' அம்மா தலையாட்டினாள். அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்பது எனக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது.

சர்வதேச மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபிகோ, 1971-ல் இந்த நோயின் முதல் கட்டத்தை இரண்டாகப் பிரித்தது. பிரித்த அளவுகோல் ஒரு கம்பி. அதை உள்ளே விட்டு அளந்தால் கர்ப்பப்பையின் உட்குழி 8 செ.மீ.க்குள் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதுதான் கணக்கு. 1988-ல் அதைக் கைவிட்டார்கள். கட்டம் என்பது வெட்டி எடுத்து, சீவி, கண்ணாடியின் கீழ் பார்த்த பிறகு எழுதப்படவேண்டியது என்றார்கள். 2009-லும் 2023-லும் அதைத் திருத்தினார்கள். கடைசித் திருத்தத்தில் செல்லின் வகையும் அதன் மூலக்கூறு அடையாளமும்கூடச் சேர்ந்தன. இத்தனை திருத்தத்திலும் முடிவான சொல் கத்திக்குப் பிந்தியதுதான். கத்திக்கு முந்திய படம் ஒரு ஊகம். அளவு தெரிந்த, பொறுப்புள்ள ஊகம். அதை நம்பித்தான் கத்தியை எடுக்கவேண்டியிருக்கிறது.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. அம்மாவின் மூக்குத்தி 40 வருஷத்து மூக்குத்தி. திருகு வரவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், நூல் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மேற்கு மாம்பலத்தில் ஒரு ஆசாரி அதை வெட்டி எடுத்தார். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, துவாரம் தூர்ந்துவிடக் கூடாதென்று விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்துச் செருகிக்கொண்டாள். ஆசாரி கடை வாசலில் நின்று அவள் அதைச் செய்ததைப் பார்த்தபோதுதான் அவளுக்கு ஒன்று நேர்ந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அதுவரை காகிதங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் கிடந்தாள். வெளியே வந்து, 'நெல்லு மிஷின்ல படுத்த மாதிரி இருந்துச்சு' என்றாள்.

ஸ்கேன் பார்க்கிற டாக்டர் இளைஞர். எனக்கு ஆர்வம் இருப்பதைக் கண்டு திரையில் காட்டினார். தண்ணீர் அதிகமுள்ளது வெளுப்பாகத் தெரியும்படி எடுத்த படம். நடுவில் உள்சவ்வு வெளுப்பு. சுற்றிலும் தசைச் சுவர் சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவில் இளவயதுப் பெண்களுக்கு ஒரு கறுப்புப் பட்டை தெளிவாக இருக்குமாம். அது அறுபடாமல் இருந்தால் கட்டி சுவருக்குள் நுழையவில்லை என்று சொல்லிவிடலாம். மாதவிலக்கு நின்றபின் அந்தக் கோடு மங்கிப்போகும். இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்றவர்கள். அதாவது கோடு மிகவும் தேவைப்படுகிறவர்களுக்குக் கோடு இல்லை. அதனால் நரம்பில் மருந்தைச் செலுத்தி ஒரு வரிசைப் படம் எடுக்கிறார்கள். திசுவுக்குள் நீரின் நடமாட்டத்தை வைத்து இன்னொரு வரிசை. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற இடத்தில் நீர் நகராது. அந்த இடம் ஒரு படத்தில் பளிச்சென்றும் அதன் இணைப்படத்தில் கறுத்தும் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் வாசிக்கவேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகலாம். 'உருவம் தெரியறது வேற சார், அது என்னன்னு சொல்றது வேற' என்றார். நான் மதிப்புரை எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியாது.

இதில் எனக்குத் தொழில்முறைப் பழக்கமும் உண்டு. நான் பாங்கில் கிளியரிங் பிரிவில் குமாஸ்தா. 2011 செப்டம்பரில் சென்னைக்கு வந்த ஏற்பாட்டின்படி காசோலை இப்போது ஊர் சுற்றுவதில்லை. போட்ட பாங்கிலேயே தாள் தங்கிவிடுகிறது. அதன் மூன்று பிம்பங்கள் மட்டும் எங்களுக்கு வருகின்றன. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று. பிம்பத்தில் இருக்கிற கையெழுத்தை, மாதிரிக் கையெழுத்தின் பிம்பத்தோடு ஒப்பிட்டுப் பணத்தை விடுவிக்கிறோம். நான் தாளைத் தொட்டே பல வருஷமாயிற்று. சந்தேகம் வந்தால் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அம்மாவின் படங்களைப் பார்த்தபோது எனக்குப் பெரிய ஞானம் உதித்துவிட்டது. இதுவும் கிளியரிங்தான், பிம்பம் இங்கே, தாள் உள்ளே, ஆபரேஷன்தான் தாளை வரவழைப்பது என்று. உவமை கச்சிதமாகப் பொருந்தியதில் இரண்டு நாள் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

ரிப்போர்ட் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன். அந்தப் பட்டத்தால் வீட்டுக்கு விளைந்த முதல் உபயோகம் இது என்று நினைக்கிறேன். கூடத்தில் அம்மா, அக்கா, அத்தான் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும். கட்டி சுவரின் பாதிக்கும் குறைவாகவே போயிருக்கிறது. வாய்ப்பகுதிக்கு இறங்கவில்லை. இதுவரை சரியாகச் சொன்னேன். அடுத்த வரி: 'நோ சிக்னிஃபிகன்ட் பெல்விக் ஆர் பாரா-அயோர்ட்டிக் லிம்ஃபடினோபதி.' இடுப்பிலோ, பெரிய ரத்தக்குழாயை ஒட்டியோ, குறிப்பிடத்தக்க அளவில் பெருத்த நெறிகட்டிகள் இல்லை.

அம்மா கேட்டாள்: 'பரவலையா?'

'பரவலை' என்றேன்.

ஒரு சொல்லை விட்டுவிட்டேன். வாழ்நாளெல்லாம் 46 தடவை அநாவசியமாக எழுதிய சொல், ஒரே ஒரு தடவை அவசியமாக வந்தபோது விட்டுவிட்டேன்.

தெரியாமல் விட்டேன் என்று சொல்வதற்கில்லை. முந்தின வாரம்தான் டாக்டரம்மா எனக்கும் அத்தானுக்கும் விளக்கியிருந்தார். நெறிகட்டி விஷயத்தில் படத்துக்குத் தெரிந்த அளவுகோல் முக்கியமாகப் பருமன்தான். குறுக்களவு 8 அல்லது 10 மி.மீ.யைத் தாண்டினால் 'குறிப்பிடத்தக்கது'. பெருத்திருப்பதெல்லாம் நோயும் அல்ல, ஏதோ ஒரு பழைய புண்ணுக்காகப் பெருத்திருக்கலாம். சின்னதாக இருப்பதெல்லாம் சுத்தமும் அல்ல. அத்தான், 'அப்ப பெட் ஸ்கேன் எடுத்துடலாமே, செலவைப் பத்திக் கவலையில்லை' என்றார். விலை கூடியது கூடுதலாகப் பார்க்கும் என்பது அவர் நம்பிக்கை. சர்க்கரையை அதிகமாகத் தின்கிற திசுவை அது காட்டிக்கொடுக்கும், ஆனால் தின்கிற வாய் மிகச் சிறியதாக இருந்தால் அதற்கும் தெரியாது என்றார் டாக்டரம்மா. 'எல்லா நெறிகட்டியையும் எடுத்துட்டா?' கால் வீங்கிவிடலாம், வாழ்நாள் முழுக்க நீடிக்கிற வீக்கம் என்றார். பிறகு நானே தேடிப் படித்தேன். ஆஸ்டெக் என்ற ஆய்வு, 1408 பெண்கள், 2009-ல் 'லான்செட்'டில் வெளிவந்தது. நோய் கர்ப்பப்பையோடு நின்றிருப்பதாகக் கருதப்பட்ட பெண்களில், இடுப்பு நெறிகட்டிகளை முழுக்க எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் கூடத்தில் உட்கார்ந்து 'பரவலை' என்றேன்.

ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அன்பு என்று சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போயிருந்தது என்பது. கல்லூரியில் கிளைவ் பெல்லின் 1914-ம் வருஷத்துப் புத்தகத்திலிருந்து 'சிக்னிஃபிகன்ட் ஃபார்ம்' என்பதை எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டார். அது எது என்று ஒரு பையன் கேட்டான். பார்த்தால் தெரியும் என்றார். பெல்லின் பதிலும் கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பதிலை நம்பித்தான் நான் விமர்சகனானேன். 'குறிப்பிடத்தக்க' என்று நான் எழுதினால் எனக்குப் பிடித்தது என்று அர்த்தம். 'இல்லை' என்றால் மேலே பேச விருப்பமில்லை என்று அர்த்தம். கதவைச் சாத்துகிற சத்தம், அவ்வளவுதான். அந்த ஸ்கேன் டாக்டருக்கோ அதே சொல்லுக்குப் பின்னால் மில்லிமீட்டர் இருக்கிறது. இதற்கு மேல் என் கருவி பேசும், இதற்குக் கீழ் அதற்கு வாயில்லை என்று தன் எல்லையை அந்த ஒரு சொல்லில் எழுதி வைத்திருந்தார். அவர் திறந்து வைத்திருந்த கதவைத்தான் நான் சாத்தினேன்.

ஆபரேஷனில் இப்போது ஒரு வழி இருக்கிறது. கர்ப்பப்பையின் வாயில் ஒரு பச்சைச் சாயத்தை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். அது நிணநீர் போகிற பாதையிலேயே போகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் அது ஒளிரும். இரண்டு பக்கமும் அது முதலில் போய்ச் சேர்கிற நெறிகட்டியை மட்டும் எடுத்து மெல்லிசாகச் சீவிப் பார்ப்பார்கள். நோய் வெளியே கிளம்பியிருந்தால் பெரும்பாலும் முதல் சத்திரத்தில் தங்கியிருக்கும் என்பது கணக்கு. அம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து வந்த முடிவு: சுவரில் பாதிக்கும் குறைவு, படம் சொன்னபடியே. வாய்ப்பகுதி சுத்தம், படம் சொன்னபடியே. வலது பக்கத்து நெறிகட்டி ஒன்றில் 1.6 மி.மீ. அளவுக்கு ஒரு படிவு. நெறிகட்டியின் பருமன் சாதாரணம். படமும் அதைத்தான் சொல்லியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு துண்டின் தடிமனே 4 மி.மீ. அதற்குள் 1.6 மி.மீ. எந்த மூலையில் தெரியும்? படம் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை. சொன்னது நான்.

முதல் கட்டம் என்று நாங்கள் நினைத்திருந்தது ஒரே தாளில் மூன்றாம் கட்டமாகிவிட்டது. மருந்தும் கதிர்வீச்சும் வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் இந்தத் தடவை அக்காதான் சொன்னாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்: 'நீ பரவலைன்னு சொன்னியே, தம்பி?' கோபமில்லை. கணக்கு உதைக்கிறபோது ரசீதைத் திரும்பக் கேட்கிற குரல். என்னிடம் ரசீது இல்லை. 'அப்ப தெரியலைம்மா' என்றேன். அதுவும் சரியான மொழிபெயர்ப்பல்ல. அப்போது தெரியாது என்பது தெரிந்திருந்தது.

சூசன் சான்டாக் 1978-ல் 'இல்னஸ் அஸ் மெட்டஃபர்' எழுதினார். மார்பில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகு எழுதியது. ஆனால் அந்தப் புத்தகத்தில் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நோய் நோய்தான், அதை வேறொன்றாகப் பேசிப் பேசித்தான் நோயாளியை வாய் மூட வைத்துவிட்டோம் என்பது அவர் வாதம். கல்லூரி நாட்களில் இதைப் படித்துவிட்டு, ஒரு கவிஞனைத் தவிர வேறு யாருக்கும் உதவாத வாதம் என்று நண்பர்களிடம் சொன்னேன். இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். என் காசோலை உவமையை அவர் ஒரு நிமிஷம்கூட உட்காரவிட்டிருக்க மாட்டார். காசோலை போலி என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன், என் மேஜை சுத்தமாகிவிடுகிறது. தவறாக விடுவித்தாலும் பணத்தை மீட்க ஆயிரம் வழி. அம்மாவின் உடம்பில் மீட்பதற்கு ஒரு பிரிவு கிடையாது. உவமை பொருந்திய சந்தோஷத்தில் அந்த இரண்டு நாளும் நான் அம்மாவை நினைக்கவேயில்லை. அவளுடைய எட்டு மாச மௌனத்துக்கும் என் உவமைக்கும் அதிக தூரமில்லை என்று இப்போது படுகிறது. இரண்டும் அந்த உறுப்பின் பெயரைச் சொல்லாமல் சுற்றிப் போகிற வழிகள்.

இதிலிருந்து விமர்சனத்துக்கு ஒரு கோட்பாடு செய்துவிடலாம் என்று சபலம் தட்டுகிறது. நண்பர்கள் மன்னிக்கவேண்டும், செய்யப்போவதில்லை. கவிதைக்கு மில்லிமீட்டர் கிடையாது, இருக்கவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் என் கண் எதற்குக் கீழே பார்க்காது என்பதை எழுதி வைக்கலாம். அந்த இளைஞரின் தொகுப்பைத் தேடி எடுத்தேன். 52 கவிதைகள். இன்னும் முழுதாகத் திரும்பப் படிக்கவில்லை. படித்துவிட்டு அதே அபிப்பிராயம்தான் என்றால் அதையே எழுதுவேன். எதையெல்லாம் பார்த்தேன், எங்கே நிறுத்தினேன் என்பதையும் சேர்த்து எழுதுவேன்.

ஆபரேஷன் முடிந்து 14 மாசமாகிறது. மருந்து முடிந்து முடி திரும்ப வளர்ந்துவிட்டது, முன்னைவிடச் சுருட்டையாக. போன மாசம் ஒரு சி.டி. எடுத்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 'அதுல என்ன எழுதியிருக்கோ அதை அப்படியே சொல்லு. உன் சரக்கைச் சேர்க்காதே' என்றாள்.

வாசித்தேன். 'குறிப்பிடத்தக்க அளவுக்குப் பெருத்த நெறிகட்டி எதுவும் இல்லை.'

'குறிப்பிடத்தக்கன்னா?'

'படத்துல பார்த்துச் சொல்ற அளவுக்குப் பெருசா.'

'அதுக்குச் சின்னதா இருந்தா?'

'படத்துக்குத் தெரியாதும்மா.'

அவள் கொஞ்ச நேரம் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'சரி. அன்னிக்கே இப்படிச் சொல்லியிருக்கலாம், புரிஞ்சிருக்கும்' என்றாள். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, 'மூக்குத்தி போட்டுக்கலாமா, இன்னும் படம் இருக்கா?' என்று கேட்டாள். ஆறு மாசம் கழித்து ஒன்று இருக்கிறது என்றேன்.

'அப்ப ஈர்க்கே இருக்கட்டும்' என்றாள்.